ஆத்தங்கரையில் ஆத்திய கண்ணாடி!

காஞ்சிபுரம்னா பட்டுப்புடவை, கோயில் இட்லி... அவ்வளவுதானா? உத்திரமேரூர் போற ரோட்டைப் பிடிச்சா மாகறல்னு ஒரு ஊர் வரும். செய்யாற்றங்கரை. திருஞானசம்பந்தர் பாடிய தலம். இங்கே திருமாகறலீஸ்வரர் உடும்பின் வால் வடிவில் இருக்கிறார். பொன் உடும்பைத் துரத்தி வந்த ராஜாவுக்குப் புற்றுக்குள் சிவன் கிடைத்தார் என்பது தலக்கதை. நாங்க துரத்தி வந்தது வியாழன் கிரகத்தை!

2025 பொங்கல் லீவு. நாலு பேர், ஒரு ஓம்னி வேன், ஒரு 8 இஞ்ச் டெலஸ்கோப். கடையில் வாங்கினது இல்லீங்க. அதோட கண்ணாடியை என் ரூம்மேட் கார்போரண்டம் பொடி போட்டு ஆறு மாசம் கையாலேயே தேய்த்தான். நடுவுல ரெண்டு அரியர் விழுந்ததுகூட அவனுக்கு உறைக்கலை.

ராத்திரி 9 மணி. ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வியாழன். ஐபீஸில் கண்ணை வைத்தால்... கொதிக்கிற தண்ணிக்குள்ள எலுமிச்சம்பழம் போட்ட மாதிரி தளதளன்னு ஆடுது! கிரகத்தின் பட்டைகள் ஒண்ணுமே தெரியலை.

"ஷேப் போச்சுடா. ஆறு மாசம் வேஸ்ட்" என்றவன், அப்புறம் பேசவே இல்லை. கண்ணாடியை ஆத்துல வீசிட்டுப் போயிடுவானோன்னு எங்களுக்குப் பயம்.

காலையில் டீக்கடை. "சூடா இருக்கு, ஆத்தித் தரட்டுமா தம்பி?" என்றார் மாஸ்டர். சட்டுன்னு பல்ப் எரிந்தது. மத்தியானம் முழுக்க டெலஸ்கோப் வெயிலில் நின்ற வேனுக்குள்ள இருந்துச்சே!

விஷயம் இதுதான். தடிமனான கண்ணாடி சீக்கிரம் ஆறாது. இரவுக் காற்று குளிர்ந்த பிறகும் அது சூடாகவே இருந்தால், அதன் முகத்தில் வெதுவெதுப்பான காற்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு நெளியும். வெயில் நேரத்துத் தார் ரோட்டில் கானல் ஆடுமே, அதே கதை. சந்தேகமா? பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஃபோகஸிலிருந்து விலக்கிப் பாருங்க. வட்டத்துக்குள் புகை மாதிரி ஏதாவது மெதுவாக நெளிந்தால், சூடுதான் வில்லன்.

மருந்து? பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 80 மில்லிமீட்டர் ஃபேன். கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் பேண்டில் தொங்கவிட்டோம்; நேராக ஸ்க்ரூ போட்டால் அதிர்வில் படம் நடுங்கும்.

சரி, கரன்ட்? பனி விழும் ஆத்தங்கரையில் 230 வோல்ட் வயர் இழுப்பது உயிரோடு விளையாட்டு. பவர் பேங்க் தருவது 5 வோல்ட். நம்ம ஃபேனுக்கு 12 வேணும். 5 வோல்ட் ஃபேன் மாட்டினாலும், அது இழுக்கும் கரன்ட் ரொம்பக் கம்மி. பல பவர் பேங்க்குகள் 'எதுவும் மாட்டலை போல'ன்னு நினைச்சு அணைஞ்சிடும். கடைசியில் கைகொடுத்தது யூ.பி.எஸ்-க்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஃபேன் எடுப்பது 0.15 ஆம்பியர். கணக்குப்படி 46 மணி நேரம் ஓடணும். முழுசா வடித்தால் பேட்டரி ஆயுசு குறையும் என்பதால் பாதியோடு நிறுத்தினாலும், ஒரு ராத்திரிக்குத் தாராளம். சிவப்பு வயர் ப்ளஸ், கறுப்பு மைனஸ். நடுவில் ஒரு 1 ஆம்பியர் ஃப்யூஸ். மறக்காதீங்க!

இது காலேஜ் பசங்களோட தலைவலி மட்டும் இல்லை. சிலி நாட்டில் இருக்கும் மெகல்லன் டெலஸ்கோப்புகளின் 6.5 மீட்டர் கண்ணாடிகளைத் தேன்கூடு மாதிரி உள்ளே வெற்றிடம் விட்டுத்தான் வார்த்தார்கள். அந்தக் குழிகளுக்குள் காற்றை ஊதித்தான் கண்ணாடி முழுக்க வெப்பத்தைச் சீராக வைக்கிறார்கள்.

இரண்டாம் ராத்திரி. ஃபேன் சன்னமாக 'ம்ம்ம்'னு சுத்துது. முக்கால் மணி நேரம் யாருமே ஐபீஸ் பக்கம் போகலை. அப்புறம் அவனைத்தான் முதல்ல பார்க்கச் சொன்னோம். ரொம்ப நேரம் அசையாம நின்றான். "ரெண்டு பட்டை தெரியுதுடா... பக்கத்துல நிலா எல்லாம் ஊசியில குத்தின மாதிரி இருக்கு." குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. நாங்கதான் அது ஆறுற வரைக்கும் காத்திருக்கலை.

ரெண்டு அரியர்? "அதையும் ஆத்தித்தான் பார்க்கணும்"கிறான்!