பரிகாரத்தின் பாடல்

நாகசாகியில் 1952-இல் பிறந்த மசாஷி சாடா, தாமே பாடல் இயற்றி, இசையமைத்துப் பாடுபவர். கென்யாவில் பணிபுரியும் ஜப்பானிய மருத்துவர் ஒருவரின் மடலாக அமைந்த 'காற்றில் நிற்கும் சிங்கம்' (1987) நாம் விரும்பிக் கேட்கத்தக்கது. ஆயினும் நம்மை மௌனத்தில் ஆழ்த்துவது, 1982-இல் வெளிவந்த 'ட்சுகுனாய்'. பரிகாரம் என்பது அதன் பொருள்.

மழையிரவில் வண்டியோட்டிச் சென்ற இளைஞன் ஒருவன், விபத்தில் ஓர் உயிரைப் பறித்துவிடுகிறான். இறந்தவரின் மனைவிக்குத் திங்கள்தோறும் தன் ஊதியத்திலிருந்து பணம் அனுப்புகிறான். ஏழாம் ஆண்டில் அவரிடமிருந்து முதல் மடல் வருகிறது. இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என வேண்டும் மடல்; தம் துயர் ஆறவில்லை என்பதை மறைக்காமலே, அவன் வாழ்வு மீள வேண்டும் என வாழ்த்தும் மடல்.

2002-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில், ஒருவரைத் தாக்கி உயிரிழக்கச் செய்த இளைஞர் இருவருக்குத் தண்டனை வழங்கிய நீதிபதி, இப்பாடலைக் கேட்டதுண்டா என வினவினார். அவர்தம் வருத்தச் சொற்கள் எவர் நெஞ்சையும் ஏன் தொடவில்லை என்பதை இது உணர்த்தும் என்றார்.

சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். பொருளைத் திருப்பித் தரலாம். உயிரை எவ்வாறு தருவது? அவ்விளைஞன் இயன்றதைச் செய்துகொண்டே இருந்தான். மன்னிப்போ, இழந்தவரிடமிருந்து கொடையாகவே வந்தது. தவக்காலத்தில் ஒருமுறை இப்பாடலைப் பொருளறிந்து கேட்போமாக!