டூக்கோ நாட்கள்

அக்டோபர் 3, 2024

அப்பாவைச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்கு, நாமக்கல்லுக்கு, அழைத்து வந்துவிட்டோம். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் அது தொட்டிருக்கிறது. கால் கொஞ்சம் தேறிவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு நோட்டு போடச் சொன்னார். எந்த நேரத்தில் என்ன சொல் வந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம். இன்னொன்றும் சொன்னார். அவர் தேடுகிற வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், காத்திருங்கள் என்றார்.

இன்று வந்த சொல்: “சரி.” பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், மாத்திரை வேண்டாம் என்பதற்கும் அதுதான்.

அக்டோபர் 6

அதே. அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. காலமெல்லாம் லாரிக்குப் பெயிண்ட் அடித்த ஆளின் வீடு இது. எங்களுக்குத் தீபாவளிகூட இதற்கு அப்புறம்தான். வெறும் சேசிஸாக நாமக்கல்லுக்கு வருகிற வண்டி, பாடி கட்டும் பட்டறையில் தச்சர், வெல்டர், டிங்கர் என்று கைமாறி, கடைசியில் பெயிண்டரிடம் வரும். அப்பா அந்தக் கடைசி ஆள். அவர் கைபட்ட வண்டிகள் எந்தெந்த மாநிலத்துச் சாலைகளிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்பிரே கன்னைக் கழற்றி, தின்னரில் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் அவர் வேலை. இன்று நான் வைத்தேன். அவரை நாற்காலியோடு ஷெட்டுக்குத் தூக்கிப் போனோம். கன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூலையில் பழைய வேட்டி சுற்றித் தொங்கியதைப் பார்த்து இடக்கையை நீட்டினார்.

கிட்டார் பாடி. கோடை லீவில் என் மகனும் அவரும் சேர்ந்து அறுத்தது. ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து மலைவேம்பு, ஒட்டுப்பலகை மில்லுக்குப் போயிருக்க வேண்டிய மரம். கிட்டார்க்காரர்கள் கொண்டாடுகிற மகோகனியும் நம் வேம்பும் இந்த மலைவேம்பும் ஒரே குடும்பம் என்று மகன் சொன்னபோது அப்பா, “அப்பறம் எதுக்குடா வெளியூர் மரம்?” என்று கேட்டு, காய்ந்த பலகையாகத் தேடிக் கொண்டுவந்தார். ஒன்றே முக்கால் அங்குலக் கனம், இரண்டு கொம்பு, நெக் உட்காரக் குழி, பிக்கப்புக்குப் பள்ளங்கள். “பெயிண்ட்ட அப்புச்சி அடிச்சுத் தர்றேன்” என்று பேரனிடம் சொல்லியிருந்தார். அவன் கோயம்புத்தூரில் காலேஜுக்குத் திரும்பிப் போனான். பிறகு அப்பாவுக்கு இந்த அடைப்பு வந்தது.

“இதை முடிக்கோணுங்களாப்பா?”

“சரி.”

இது வேறு சரி. நோட்டில் அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அக்டோபர் 15

ஆபீஸ் விட்டு வந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். 120-ஆம் நம்பரில் தொடங்கி 180, பிறகு 220. கொம்புகளின் நுனியில் மரத்தின் குறுக்குவெட்டு வெளியே தெரிகிறது. அந்த இடம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே மட்டும் நிறம் செத்துப்போகும். அதனால் மற்ற இடத்தைவிட அங்கே நைசாகத் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார் எல்லாம் எழுந்து நிற்கும். காயவிட்டு அதையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கோட்டின் ஈரத்தில் அந்த நார் மறுபடி எழுந்து நிற்கும்.

இதெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் வீட்டுப்பாடம் எழுதியவள் நான். காதில் விழுந்திருக்கிறது.

தேய்த்ததை அப்பா மடியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். இடது உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாக இழுத்தார். கீழ்க்கொம்பின் உள்வளைவில் கை நின்றது. ஆள்காட்டி விரலின் நகத்தால் அதே இடத்தை இரண்டு தட்டு தட்டினார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ரம்பம் விட்ட குறுக்குக் கோடு, மயிரளவு. வலக்கைக்காரர் அவர். அந்த இடக்கைக்கு இது எப்போது தெரிந்தது?

அக்டோபர் 20

நிறம். மகன் போனில் “சோனிக் ப்ளூ” என்கிறான். வெளிறிய நீலம். அவன் அனுப்பிய விவரத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறேன், மனசு நிறைந்துவிட்டது. 1950-களில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு விதவிதமான நிறம் அடித்தபோது, கிட்டாருக்கென்று தனிப் பெயிண்ட் வாங்கவில்லை. டூபாண்ட் கம்பெனி கார்களுக்குச் செய்த பெயிண்டையே அடித்திருக்கிறார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பு. மகன் கேட்கிற நீலம் காடிலாக் காரின் நீலம். அந்த வகைப் பெயிண்டின் பெயர் டூக்கோ. 1920-களில் அது வருவதற்கு முன்பு ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆனதாம். டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது.

நாமக்கல்லில் இன்றைக்கும், டப்பாவில் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் டூக்கோதான். மகனுடைய கிட்டாரும் அப்பாவுடைய லாரியும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. இதை அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் என்னையே பார்த்தார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, முகத்தின் வலப்பக்கம் இன்னும் சரியாக அசையவில்லை.

நவம்பர் 1

தீபாவளிப் புகை இன்னும் அடங்கவில்லை. பெயிண்ட் டப்பா எதையும் திறக்கவில்லை.

நவம்பர் 6

மகனுடைய சிநேகிதர்கள் டூ-கே பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்களாம். ஹார்டனர் கலந்து அடிப்பது. பளபளப்பு போகாது, சீக்கிரம் கீறல் விழாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கன்னிலிருந்து மூடுபனியாக வரும்போது நெஞ்சுக்குள் போகும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தருகிற மாஸ்க் போட்டுத்தான் அதை அடிக்க வேண்டும்.

அப்பா எதைப் போட்டு அடித்தார்? தோளில் கிடந்த துண்டை. அதை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூன்று பக்கமும் தகரம் அடைத்த ஷெட்டுக்குள் நின்று, வண்டி வண்டியாக. மார்கழி வந்தால் விடியும்வரை இருமுவார். பனி ஒத்துக்கலை என்று அம்மா கஷாயம் வைப்பாள். நானும் பனி என்றே நம்பினேன். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.காம். படித்தேன், இப்போது டிரான்ஸ்போர்ட் ஆபீசில் ஃபேன் காற்றில் கணக்கு எழுதுகிறேன். யாரிடம் போய்க் கோபிப்பது? ராத்திரி முழுக்க நெஞ்சு எரிந்தது.

என்.சி.தான் அடிப்பது. அதுவும் மொட்டை மாடியில், கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல். அப்பா படிக்கட்டு ரூமின் ஜன்னல் வழியாகக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம்.

நவம்பர் 10

அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டு இப்போது தனியாகப் பட்டறை வைத்திருப்பவர் கம்ப்ரசர் கொண்டுவந்தார். “மேஸ்திரி, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்க முடியாமல் மாடிக்கு ஏறிவிட்டார். கண் கலங்கியிருந்தது. லாரியில் பெயர் எழுதுகிற வேலையை ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டதையும், கம்பெனியே முழு வண்டியாகக் கட்டி விற்பதையும் சொல்லிக்கொண்டே ஓஸைப் பொருத்தினார்.

மலைவேம்பின் துளைகள் பெரிசு. சீலர் அடித்து, பட்டி இழுத்து, தேய்த்து, மறுபடி பட்டி இழுத்தாகிவிட்டது. மேலே வெள்ளை சர்பேசரும் ஏறிவிட்டது. இன்று முதல் நீலம். பனி விலகி வெயில் விழுந்த பிறகு, காற்று கிளம்புவதற்கு முன்பு, அந்த இடைப்பட்ட நேரம்தான் நேரம். நெக் குழியில் டேப் ஒட்டினேன், அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் உட்காராது. முதலில் ஓரங்கள், பிறகு முகம். பாடிக்கு வெளியே விசையை அழுத்தி, ஒரே வேகத்தில் கடந்து, வெளியே போய் விட வேண்டும். ஒரு இழுப்பின் பாதி மேல் அடுத்த இழுப்பு விழ வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள் அப்பாவின் இடக்கை காற்றில் போய்வந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு வளையவில்லை, முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகர்ந்தது. என் கை அந்த வேகத்துக்கு வந்ததும் பெயிண்ட் ஒரே சீராகப் படிந்தது. கை நின்றது, நானும் நிறுத்தினேன்.

நவம்பர் 17

நேற்று மழை. இன்று அந்தியில் ஈசல். உள்ளே எடுத்து வைப்பதற்குள் ஈர நீலத்தின் நடுவில் ஒன்று விழுந்து, இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தேன்.

“விடு.”

அப்பாவின் குரல். தெளிவாக. ஈரத்தில் தொட்டால் விரலளவு காயம், காய்ந்த பிறகு தேய்த்தால் இருந்த சுவடே தெரியாது. எனக்கும் தெரிந்ததுதான். ஓடிப்போய் நோட்டை எடுத்து நேரத்தோடு எழுதினேன்: மாலை 6.20, “விடு.” திரும்பவும் சொல்லுங்கப்பா என்று கேட்டேன். வாயைத் திறந்தார். “சரி” என்றுதான் வந்தது.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, நேராக நம் பக்கம் வந்துவிட்டது. ஏற்காட்டில் கொட்டித் தீர்க்கிறது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்கிறார்கள். பஸ் ஓடவில்லை, சேலத்தில் பேச்சுப் பயிற்சியும் இல்லை.

புயலுக்கு முன்னால் அடித்த கிளியர் கோட்டு வெள்ளை பூத்துவிட்டது. நீலத்தின் மேல் பால் படர்ந்த மாதிரி. தின்னர் வேகமாகப் பறக்கும்போது அந்தப் பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். கம்ப்ரசர் கொண்டுவந்தவரிடம் போனில் கேட்டதற்கு, “ரிட்டார்டர் கலந்து நைசா ஒரு கோட்டு விடுங்க அக்கா, உள்ள இருக்கற ஈரம் வெளிய வந்துரும். ஆனா இன்னிக்கு வேண்டாம், வானம் வெளுக்கட்டும்” என்றார் அவர்.

அப்பாவுக்கு இன்று மோசமான நாள். எதையோ கேட்டார். தண்ணியா, போர்வையா, பாத்ரூமா, டிவியா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். தட்டைத் தள்ளிவிட்டார். சோறு சுவர் வரைக்கும் சிதறியது. இரண்டு பேரும் அழுதோம். அவர் கேட்டது என்ன என்று இதுவரை தெரியவில்லை.

டிசம்பர் 5

வெயில்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். மாடியில் விளக்கு வைக்கவில்லை, தின்னர் இருக்கிறது. வாசலில் மட்டும் வைத்தேன்.

வெண்மை போய்விட்டது. கிளியர் கோட்டு எல்லாம் முடிந்து, பாடி ஷெட்டில் கம்பியில் தொங்குகிறது. என்.சி. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிஷத்தில் வந்துவிடும். உள்ளே இறுகுவதற்கு வாரங்கள் வேண்டும். அதற்கு முன்னால் பாலிஷ் போட்டால் பின்னால் சுருங்கி, மரத்தின் துளைகள் மேலே தெரியும். எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவிடம் கொண்டுபோனேன். கையால் தொடவில்லை. மூக்கை நெக் குழியின் ஓரத்தில் வைத்து இழுத்தார். தலையை ஆட்டினார்: இல்லை. நானும் முகர்ந்தேன். தின்னர் வாசனை லேசாக இருந்தது.

இப்போது தினமும் காலையில் காபிக்கு முன்னால் இது நடக்கிறது.

டிசம்பர் 26

மகன் லீவுக்கு வந்திருக்கிறான். காபிக்கு முன்னால் நேற்று அப்பா தலையாட்டியது வேறு மாதிரி. ஆகவே தேய்க்கலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பர், 1000, 1500, 2000. ஓரத்தில் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே அழுத்தக் கூடாது. பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

தேய்த்துக்கொண்டே அவன் அப்புச்சிக்குப் பிரையன் மே கதை சொன்னான். குவீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட். 1963-இல், பள்ளிக்கூடப் பையனாக, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினாராம். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மரம். வாழ்நாள் முழுக்க அதையே வாசிக்கிறார். அப்பா கேட்டுவிட்டு ஏதோ சொல்ல வந்தார். “அந்த... அந்த...” மகன் உடனே, “அவங்கப்பாவா? மரமா? கலரா அப்புச்சி?” என்றான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். டீ ஆறியது. ரோட்டில் முட்டை வண்டி போனது.

“அந்த... அப்பன். இருக்கானா?”

இறந்துவிட்டார் என்று மகன் சொன்னான். அப்பா தலையசைத்தார். மகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

ஜனவரி 5, 2025

பேச்சுப் பயிற்சி அம்மா, முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் என்கிறார். எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்குப் பதில் தரவில்லை.

காம்பவுண்ட் போட்டு பாலிஷ் முடிந்தது. பள்ளங்களுக்குள் செம்பு ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரண்டு இரைச்சல் ஸ்பீக்கரில் வரும். நெக் திருகும் வேலையும் பாக்கி.

இன்று சாயங்காலம் நானும் மகனும் கடைக்குப் போய்த் திரும்பினால், அப்பா ஷெட்டில். மடியில் பாடி. இடக்கையில் லைன் போடுகிற நீளமயிர் பிரஷ். பக்கத்தில் மஞ்சள் எனாமல் டப்பா. லாரியின் கதவு ஓரத்தில் அளவுகோல் வைக்காமல் ஒரே மூச்சில் கோடு இழுப்பவர் அவர். இப்போது நீலத்தின் விளிம்பை ஒட்டி மஞ்சள் கோடு, மேல்கொம்பில் தொடங்கி இடுப்பு வளைவு வரைக்கும். இரண்டு இடத்தில் நடுங்கியிருக்கிறது. ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடங்கியிருக்கிறது.

மகன், “அப்படியே இருக்கட்டும்மா” என்கிறான். அப்பா துணியைக் காட்டித் துடைக்கச் சொல்கிறார். தின்னர் தொட்டால் கீழே நீலமும் கரைந்து வந்துவிடும். டர்பென்டைன் என்றால் எனாமல் மட்டும் போகும், அதுவும் காய்வதற்குள். விடிந்தால் முடியாது.

“துடைக்கட்டுங்களா, விடட்டுங்களாப்பா?” என்று கேட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். உதடு அசைகிறது, சொல்லைத் தேடுகிறார். மகனிடம் டர்பென்டைன் பாட்டிலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மணி எட்டரை. சாப்பாடு பிறகு.