கோலி சோடாவும் அந்தமான் டிக்கெட்டும்

'லீவுக்கு எங்கே?' என்று ஆபீஸில் கேட்டால் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப் போனால் குற்றாலம் என்பார்கள். இப்போது நம்ம பையன்கள் கூசாமல், 'ஸ்கூபா பண்ணலாம்னு இருக்கேன் ஸார்' என்கிறார்கள். பக்கத்து ஸீட்டுக்காரர் அந்தமானுக்குப் போய்விட்டு வந்து, தண்ணீருக்கடியில் மீன்களோடு எடுத்த ஃபோட்டோவைக் காட்டியிருப்பார். அன்று மத்தியானமே இவரும் டிக்கெட் போட்டுவிடுவார். சனிக்கிழமை காலை விமானம், ஞாயிறு பீச், திங்கள் காலை டைவிங், தலையைத் துவட்டிய கையோடு திரும்பும் விமானம், செவ்வாய் காலை அட்டெண்டன்ஸ். 'ஒரே ஒரு சி.எல்.தான் மச்சான் செலவு!' என்று பெருமை வேறு.

அந்தப் பிளானில் ஒரு ஓட்டை இருக்கிறது. பர்ஸைக் கடிக்கிற ஓட்டை என்றால் போகட்டும் என்று விடலாம். இது ஆளையே முடக்கிப் போடக்கூடிய ஓட்டை. டைவிங்கும் விமானமும் அடுத்தடுத்து வரக்கூடாது.

ஏன் என்று தெரிய ஒரு கோலி சோடா போதும். பாட்டிலுக்குள் காஸ் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறதா? இல்லை. அழுத்தத்தில் அது தண்ணீரோடு கரைந்து சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. கோலியை அமுக்கியதும் 'புஸ்' என்று அழுத்தம் குறைகிறது, அத்தனை குமிழியும் கிளம்பி வருகிறது. கடலுக்குள் போகிற நீங்களும் ஒரு கோலி சோடாதான்.

முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாதாரண டைவிங்கில் அது நம் சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, அமுக்கி அடைத்திருப்பார்கள். அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தரையில் இருக்கிற அளவு அழுத்தம் இன்னொரு மடங்கு ஏறும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அதுவும் மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். ஆனால் மொத்தமும் காலியாக மணிக்கணக்கில் ஆகும்.

அதற்குள் விமானம் ஏறினால்? முப்பதாயிரம் அடிக்கு மேல் பறக்கிற விமானத்தின் உள்ளே, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கிற அழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கடலடியிலிருந்து நேராகக் கொடைக்கானல் என்றால், கோலியை அமுக்கிவிட்டோம் என்று அர்த்தம். குமிழிகள் மூட்டில் கிளம்பினால் தாங்க முடியாத வலி. முதுகுத்தண்டிலோ மூளையிலோ கிளம்பினால் கை கால் மரத்துப்போவதில் ஆரம்பித்து நடக்க முடியாமல் போவது வரை கொண்டுபோய் விடும். வைத்தியம் இருக்கிறது. அதற்கு ஆளை அழுத்த அறைக்குள் படுக்க வைக்க வேண்டும். பாராஸிட்டமாலில் போகிற சமாசாரம் இல்லை.

அதனால் டைவிங் உலகத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று டைவ், அல்லது தினமும் டைவ் என்றால் 18 மணி நேரம். இருபத்துநாலு மணி நேரம் விட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி. ஆகவே அந்தமான் பிளானை முதல் நாளிலிருந்து போடக்கூடாது. ஆடிட்டர் பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திரும்பும் விமானம் எந்தக் கிழமை, எத்தனை மணி? அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்.

முதலில் ஊர்ப்பெயர்கள். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டைவிங்குக்கு எல்லோரும் போகிற ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப். பக்கத்துத் தீவான நீல், ஷஹீத் த்வீப். சுபாஷ் சந்திர போஸ் 1943-ல் இங்கே வந்தபோது அந்தமானுக்கும் நிகோபாருக்கும் சூட்ட விரும்பிய பெயர்களைத்தான் இந்த இரண்டு தீவுகளுக்கும் வைத்திருக்கிறார்கள். பழைய பெயர்கள் 1857 கிளர்ச்சியை அடக்கிய இரண்டு வெள்ளைக்கார ஜெனரல்களுடையவை. அதில் நீல் துரை நமக்கும் பழக்கமானவர்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலையே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் அகற்றினார்கள். சிலை போன பிறகும் தீவில் பெயர் எண்பது வருஷம் நீடித்தது! டிக்கெட் எடுக்கும்போது புதுப்பெயர், பழைய பெயர் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.

எப்படிப் போவது? சென்னையிலிருந்து கப்பல் உண்டு. சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். ஏறக்குறைய மூன்று நாள். போக மூன்று, வர மூன்று என்றால் உங்கள் சி.எல். எல்லாம் வங்காள விரிகுடாவிலேயே கரைந்துவிடும். விமானம் என்றால் இரண்டு மணி நேரச் சொச்சம். இறங்கியதும் முதல் ஆச்சரியம், காதில் விழுகிற தமிழ். இரண்டாவது ஆச்சரியம் சூரியன். கடிகாரம் இந்திய நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். 'சாயங்காலம் ஆறு மணிக்கு பீச்சில் உட்காரலாம்' என்று பிளான் போட்டால் இருட்டில் நண்டோடுதான் உட்கார வேண்டும். காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். ஆபீஸ் நாளில் முடியாதது அங்கே முடியும்.

தலைநகரிலிருந்து ஹேவ்லாக் வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். கப்பலில்தான் போக வேண்டும். தனியார் கப்பல் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சர்க்கார் கப்பல் கொஞ்சம் நிதானஸ்தர். இங்கேதான் இரண்டாவது எச்சரிக்கை. கடல் கொந்தளித்தால் கப்பல் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. ஆகவே திரும்பும் விமானத்தின் அன்றே காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கிளம்புவதாகப் பிளான் போடாதீர்கள். விமானத்துக்கு முந்தின ராத்திரி தலைநகரில் தங்குங்கள். நைட்ரஜனுக்கும் அதே விடை, கப்பலுக்கும் அதே விடை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாதத்தையும் பாருங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது போனால் லாட்ஜ் வாடகை மலிவு, கடல் கலங்கல். அதற்கப்புறமும் புயல் சின்னம் எட்டிப் பார்க்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலை அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மார்ச்சில் நமக்கு இயர் எண்டிங் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பிப்ரவரியில் போங்கள்.

இனி பின்னாலிருந்து எண்ணிய பிளான். சனிக்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

வியாழன்: திரும்பும் விமானம். வேறு எதுவும் இல்லை.

புதன்: தண்ணீரில் மூழ்காத நாள். காலைக் கப்பலில் தலைநகர் வந்து செல்லுலார் ஜெயில் பாருங்கள். 1906-ல் கட்டி முடித்த சிறை. ஏழு சிறகுகளில் இப்போது இருப்பது மூன்று. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத மாதிரி கட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் வரை ஆசை ஆசையாகக் குதித்த அதே கடலைத்தான் அந்தக் கைதிகள் தாண்ட முடியாத மதிலாகப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு வந்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. நைட்ரஜன் புண்ணியத்தில் அதற்கும் ஒரு நாள் கிடைக்கிறது.

செவ்வாய்: எலிஃபெண்ட் பீச். முகமூடியும் குழாயும் வைத்து மேலாக மிதந்துகொண்டே பவளப்பாறை பார்க்கலாம். ஹேவ்லாக்கில் ராஜன் என்று ஒரு யானை இருந்தது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானை, கடலில் நீந்துவதில் உலகப் புகழ் பெற்று ஹாலிவுட் படத்திலும் நடித்துவிட்டு 2016-ல் இறந்துபோனது. அதற்குத் தும்பிக்கையே குழாய். நமக்கு வாடகைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

திங்கள்: டைவிங்.

ஞாயிறு: ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான். மேற்கே பார்த்த பீச். நாலரைக்கே போய் இடம் பிடியுங்கள். தீவில் ஊர்களுக்கு நம்பர் உண்டு. ஆட்டோக்காரரிடம் 'ஏழாம் நம்பர்' என்றால் ராதாநகர். கிழக்குப் பக்கம் மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர். டைவிங் கடைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒரு விஷயம், விளையாட்டில்லை: இந்தக் கடலில் உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். லைஃப் கார்ட் விசில் அடித்தால் உடனே கரைக்கு வாருங்கள், ரீல்ஸ் அப்புறம்.

சனி: காலை விமானம், மதியக் கப்பல், ராத்திரி மீன் சாப்பாடு.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். முதல் முறை போகிறவர்களுக்கு நீச்சல் தெரியவேண்டிய அவசியமில்லை. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கிவிட்டு, பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப் போவார். ஆழம் 12 மீட்டருக்குமேல் போகாது. சான்றிதழ் வேண்டும், 18 மீட்டர் வரை இறங்க வேண்டும் என்றால் அது மூன்று நாலு நாள் கோர்ஸ். அதற்கு நீந்தவும் மிதக்கவும் தெரியவேண்டும். லீவையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

இறங்குமுன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பது நம் பழக்கம். சிம் கார்டு படிவத்துக்கு அது போதும். இங்கே பொய் சொன்னால் நஷ்டம் நுரையீரலுக்கு. ஜலதோஷம் இருந்தாலும் இறங்காதீர்கள். இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் அது நடக்காது. காதுச் சவ்வு மாட்டிக்கொள்ளும். முந்தின ராத்திரி 'ஒரே ஒரு பீர்' என்கிற நண்பரையும் தள்ளி வையுங்கள்.

உள்ளே போனால் ஒரே சட்டம்: மூச்சை அடக்காதே. சினிமாவில் ஹீரோ அடக்குவார். அவர் சிலிண்டர் மாட்டியிருக்க மாட்டார். ஆழத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள் பலூன் மாதிரி விரியும். இன்னொன்று கைஜாடை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'சூப்பர்' இல்லை. 'மேலே போகலாம்' என்று அர்த்தம். சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டினீர்களானால் பயிற்சியாளர் கடமை தவறாமல் உங்களை மேலே கொண்டுவந்துவிடுவார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவதுதான் 'ஓகே'.

பவளப்பாறையைத் தொடாதீர்கள். அது பாறை மாதிரி தெரிகிற உயிர். 2010-ல் கடல்நீர் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் வெளுத்துப்போனது. மிச்சம் இருப்பதில் நாமும் கை வைக்கவேண்டாம். பவளத் துண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் அதற்கென்றே பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஆபீஸில் ஒரு சிக்கல் வரும்.

'எதுக்குய்யா நாலு நாள் லீவு?'

'டைவிங் ஸார்.'

'தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பே?'

'அரை மணி ஸார்.'

மானேஜர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அரை மணிக்கு நாலு நாளா என்று கால்குலேட்டரை எடுப்பார். பயப்படாமல் கோலி சோடா கதையைச் சொல்லுங்கள். அப்படியும் மனசு இறங்காவிட்டால், 2020 ஆகஸ்டிலிருந்து சென்னைக்கும் அந்தமானுக்கும் கடலடி கேபிள் இருக்கிறது, ஹேவ்லாக் வரைக்கும் வருகிறது, வீடியோ காலில் மீட்டிங்குக்கு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாமல் இரண்டு நாள்தான் என்றால், கோவளத்துக்குப் போய் அலையில் கால் நனைத்துவிட்டு வாருங்கள். ஹேவ்லாக் எங்கும் ஓடிப்போகாது. அடுத்த வருஷம் லீவு சேர்த்துக்கொண்டு போகலாம்.

போகிறபோது ஒன்று மட்டும் செய்யுங்கள். டைவ் முடித்துப் படகில் ஏறியதும் எல்லோரும் செல்ஃபோனைத் தேடுவார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷத்திலிருந்துதான் விமானத்துக்கான கணக்கு ஓட ஆரம்பிக்கிறது.