உள்ளே விட்ட துணி

கடையில் வாங்கிய குழந்தைக் கவுனை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. விலைச் சீட்டுக்கு முன்னால் பக்கத் தையலைத்தான் பார்ப்பேன். சுண்டுவிரல் அகலம்கூடத் துணி இருக்காது. ஓவர்லாக் மிஷினில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே போகும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியை அது வெட்டித் தள்ளிவிடும். துணியும் மிச்சம், நேரமும் மிச்சம். மொத்தமாகத் தைத்து அனுப்புகிற திருப்பூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற கணக்கு அதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு வயதுக்கு மேல் ஒரு குழந்தை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்த வளர்த்திக்கு இந்தக் கவுனில் யாரும் இடம் வைக்கவில்லை.

அம்மா தைத்ததில் கணிசமான துணி உள்ளேதான் இருக்கும். பக்கவாட்டில் ஓர் அங்குலம், தோளில் அரை அங்குலம், கீழ்மடிப்பில் நாலு விரல். பாவாடையென்றால் அதற்கும் மேலே டக். விளிம்புக்குச் சற்று மேலே துணியை ஓர் அங்குலம் மடித்துச் சுற்றிலும் ஒரு தையல். அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே மூன்றாவது. ஒவ்வொரு டக்கும் இரண்டு அங்குலத் துணியை விழுங்கி வைத்திருக்கும். அழகுக்குப் பிடித்த மடிப்பு என்றுதான் ஊர் நினைக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருப்பது தெரிந்ததும், அம்மா ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒரு டக்கைப் பிரிப்பார். இரண்டு அங்குலம் இறங்கும். அடுத்த வருஷம் அடுத்த டக்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மடிப்புக்குள் வெயிலே படாமல் இருந்த துணி புதுக்கருக்கோடு இருக்கும். சுற்றியுள்ள பாவாடையோ சாயம் போய் வெளிறியிருக்கும். பிரித்ததும் பச்சைப் பாவாடையின் நடுவில் கரும்பச்சையில் ஒரு பட்டை வட்டமாக ஓடும். போன வருஷத்துப் பாவாடைதான் என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். இதற்காக நான் அழுததுண்டு. அம்மா அந்தப் பட்டையின் மேலேயே வளைந்து வளைந்து போகும் ஒரு லேஸை வைத்துத் தைத்துவிடுவார். பிறகு பார்த்தால் லேஸ் வைப்பதற்காகவே பிறந்த பாவாடைபோல இருக்கும்.

எங்கள் ஊர் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். தெருவில் நடந்தால் முடிச்சுப் போட்ட துணிகளும் சாயம் தோய்த்துக் காயும் சேலைகளும் கண்ணில் படாமல் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் துணிக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள். துணி நெய்கிற ஊரில்தான் துணியின் விலை எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி போட்டதும் திண்டுக்கல்லுக்குப் போய் ஒரே பூப்போட்ட துணியில் மொத்தமாகக் கிழித்து வாங்கி வருவார் அப்பா. எனக்கும் தங்கைக்கும் பாவாடை சட்டை, தம்பிக்குச் சட்டை, மிஞ்சியதில் முன்னறை ஜன்னலுக்குத் திரை. தீபாவளிக்கு வருகிற பெரியப்பா வாசலில் நின்று, ‘ஜன்னல் எது, பிள்ளைக எதுன்னே தெரியலையே’ என்பார். வருஷம் தவறாமல் அதே பகடி.

மிஷின் உஷா. கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூக்கள், காலால் மிதிக்கிற இரும்புச் சட்டம். கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் 1930களில் செய்யத் தொடங்கிய மிஷின் அது. உருவாக்கியவர் தன் மகளின் பெயரையே அதற்கு வைத்தார் என்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கதை தெரியாது. ஆனாலும் அதைப் பெண்பிள்ளையாகத்தான் நடத்தினார்கள். செவ்வாய், வெள்ளியில் விளக்கு வைத்தபிறகு அதை மிதிக்கக்கூடாது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம். பாபின் கேஸை எடுத்துப் பஞ்சைத் தட்டுவதும் சக்கரத்துக்குப் பக்கத்துத் துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் என் வேலை. கீழ்நூல் தளர்ந்தால் துணியின் மேல்பக்கத்தில் நூல் சுருள் சுருளாக எட்டிப் பார்க்கும். பாபின் கேஸின் பக்கத்தில் எள்ளளவு திருகாணி ஒன்று இருக்கும், அதைக் கால் திருகு முடுக்கினால் சரியாகிவிடும். அந்தத் திருகாணியைத் தொட மட்டும் எனக்கு அனுமதி கிடையாது.

தையல் மிஷினைப் பற்றிப் பேசினால் காந்தியைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அப்போது காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைப் பார்த்து, அவள்மீது கொண்ட அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி நம்பிய கதை. சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்த இடத்தில் லேசாக இருமுவார்கள். 1851இல் காப்புரிமை வாங்கிய அந்த மனிதர் நாடக நடிகராகவும் இருந்தவர், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்திருந்தவர். எந்த மனைவியின் சலிப்பைப் பார்த்தாரோ! கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தைக் கைப்பிடித்தார். 1947இல் இருவருமாக எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பேட்டியின் மிச்சம் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மிஷின் இல்லாமலும் நிறைய நடந்தது. கைக்குழந்தைக்கான சட்டையை அம்மாச்சி கையால்தான் தைப்பார். அப்பாவின் பழைய வேட்டி, அதுவும் பலமுறை துவைத்துப் பூப்போல ஆனது. நடுவில் மடித்து, கழுத்துக்கு அரை வட்டம் வெட்டி, முதுகுப்பக்கம் திறந்து, கட்டிக்கொள்ள இரண்டு நாடா. பொத்தான் கிடையாது, ஊக்கு கிடையாது, எலாஸ்டிக் கிடையவே கிடையாது. தையல் ஓரங்கள் வெளிப்பக்கம் இருக்கும். பச்சை உடம்பில் நூல் உறுத்தக்கூடாது. அழகெல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அம்மாச்சியின் கட்சி. அந்தச் சட்டையைத் தைக்க ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். இன்றைக்கும் யாராவது முதன்முதலாக எதைத் தைக்கலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தலையணை உறை. 27 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் உள்ள தலையணைக்கு 62 அங்குல நீளத்தில், 19 அங்குல அகலத்தில் ஒரே துண்டு. இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, ஒரு முனையில் ஆறு அங்குலத்தை நாக்குபோல உள்ளே மடித்துவிட்டு, மீதியைச் சரிபாதியாக மடித்து இரு பக்கமும் ஓட்டினால் ஆயிற்று. தலையணை அந்த நாக்குக்குள் செருகிக்கொள்ளும். பொத்தானோ ஜிப்போ வேண்டாம். பழைய சேலையின் முந்தானைப் பக்கம் இதற்கு வாகானது. பள்ளியில் தையல் டீச்சர் இதன் மேல் சங்கிலித் தையலில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ என்று போடச் சொல்வார். ஆங்கிலத்தில்தான் கனவு காண வேண்டும் என்று அந்தக் காலத்தில் என்ன கட்டாயமோ தெரியவில்லை.

ஒரு சேலை எங்கள் வீட்டில் எப்படியெல்லாம் கரைந்தது என்பதற்கு ஒழுங்கான வரிசை இருந்ததில்லை. கிழிந்த இடம்தான் தீர்மானிக்கும். இடுப்பில் செருகும் பக்கம் இற்றிருந்தால் மீதி பாவாடையாகும். முழுக்கச் சன்னமாகியிருந்தால் உத்திரத்துக் கொக்கியில் தூளியாகும். அதற்கும் தாங்காதென்றால் மடித்து மடித்துக் கரிப்பாத்திரம் பிடிக்கிற துணி, கால்மிதி, கடைசியில் திரி. அப்பாவின் பேன்ட் கிழிந்தால் கால் பகுதியை வெட்டி, அடியில் மூட்டி, இடுப்புப் பட்டியையே காதாக வைத்துப் பை. பத்துக் கிலோ அரிசியைத் தாங்கும். ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசாங்கம் 2021இல் இயக்கம் தொடங்கி, பத்து ரூபாய் போட்டால் துணிப்பை விழுகிற இயந்திரத்தைக் கோயம்பேட்டில் வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் ரெண்டு பேன்ட் கால்கள் வீட்டில் சும்மா கிடக்கையில் இயந்திரத்திடம் காசு கொடுப்பதற்கு என் கை வருவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, வறுமையில் எவ்வளவு அழகு இருந்தது என்று சிலர் நெகிழ்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கழுத்து வலி. மத்தியானம் எல்லாரும் தூங்கும் நேரம்தான் அவருடைய தையல் நேரம். கூலி என்று ஒரு பைசா இல்லை. ரெடிமேட் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவரும் அவர்தான். எனக்கு அந்த மத்தியானங்கள் திரும்ப வேண்டாம். நான் ஏங்குவது பாவாடைக்குள் மடித்து வைத்த அந்த ஆறு அங்குலத் துணிக்கு. இந்தப் பிள்ளை அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வளரும், அப்போதும் இந்தப் பாவாடையைக் கட்டும் என்று எனக்காக ஒருத்தர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கணக்கு இப்போது உயிரோடு இருப்பது ரவிக்கையில் மட்டும்தான். எங்கள் தெரு டெய்லர் இன்னும் பக்கவாட்டில் மூன்று தையல் போட்டுத் தருகிறார். உடம்பு பெருத்தால் உள்தையலைப் பிரித்து அடுத்ததுக்குப் போய்க்கொள்ளலாம். அவரிடம் என் பேத்தியின் கவுனைப் பிரித்துப் பெரிதாக்கித் தரக் கேட்டேன். ‘உள்ள துணி இருந்தாத்தானேம்மா பிரிக்கிறதுக்கு?’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே நானே தைப்பது என்று முடிவாகிவிட்டது. துணி வாங்கியாயிற்று, பச்சையில் பொடிப் புள்ளி போட்ட பாப்ளின். மோட்டார் வைத்த மிஷின் ஒன்று மருமகள் வாங்கி அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறாள். பாவாடைக்கு அளவு தெரியும், மேலே கோக்கும் பாடிக்குத்தான் அம்மாவின் பேப்பர் கட்டிங் வேண்டும். தினத்தந்தித் தாளில் வெட்டி, வயது வாரியாகப் பென்சிலில் எழுதி, ட்ரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்தார். பெட்டி இப்போது கோயம்புத்தூரில் தங்கையிடம். கேட்டால் தரமாட்டேன் என்று அவள் சொல்வதில்லை. ‘அக்கா, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டிருக்கேன் பாரு, பக்கத்துல ஸ்கேல் கூட வச்சிருக்கேன்’ என்கிறாள். ஸ்கேல் சாய்ந்திருக்கிறது, தாளின் ஒரு முனை சுருண்டிருக்கிறது. அதை வைத்துக் கைக்குழியை எப்படி வெட்டுவது? வருகிற பொங்கலுக்கு நேரில் போய் எடுத்துக்கொண்டு வருவதாக இருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.