எந்தக் கூட்டத்துக்குப் போவது?

குடியை விட நினைப்பவருக்கு மாலை நேரம்தான் கண்டம். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி முடிச்சூர் பஸ்ஸுக்கு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், காலையில் மனைவி தலையில் அடித்துச் செய்த சத்தியமெல்லாம் கரைந்துவிடும்!

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று சிலர் தூரத்தில் கூட்டம் தேடுகிறார்கள். முதல் வாரம் போவார்கள். மூன்றாம் வாரம் மழை, டிராஃபிக் என்று நின்றுவிடும். வேலை விட்டு வரும் வழியில், குடிக்கத் தோன்றும் அதே நேரத்தில், தமிழில் நடப்பதாகப் பார்ப்பதே நல்லது. இங்கிலீஷில் அழ முடியுமா என்ன? ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. ஓப்பன் மீட்டிங் என்றால் மனைவியும் கூட உட்காரலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் தனியாக இருக்கிறது.

ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே வந்ததுதான். அங்கிருந்து திரும்பிய பிறகும் அதே பஸ் ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டும். கூட்டம் தேவைப்படுவது அப்போதுதான்.