அம்மாச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த புகை

போன தீபாவளிக்கு ராஜபாளையம் போனபோது அம்மாச்சி வீட்டில் விறகு தீர்ந்திருந்தது. கேஸ் இருக்கிறது. காபி, ரசம் எல்லாம் அதில்தான். வெந்நீரும் முறுக்கும் கறிக்குழம்பும் பின்வாசல் விறகு அடுப்புக்கு. "சிலிண்டர் ரெண்டு மாசம் வரணும்ல தாயி" என்பது அம்மாச்சியின் கணக்கு.

"நான் வாங்கிட்டு வரேன்" என்று பெருமையாகக் கிளம்பினேன். விறகுக் கடையில் ஓரமாகக் கிடந்த பழைய கட்டைகளை விட்டுவிட்டு, புதிதாக, பட்டை பளபளவென்று இருந்த சீமைக்கருவேல விறகை 50 கிலோ எடைபோடச் சொன்னேன். காய்கறி வாங்குகிற அதே புத்தி! லோடு ஆட்டோவில் வந்து இறங்கியதும், அம்மாச்சி ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை அடுப்பில் கட்டையின் நுனி 'உஸ்ஸ்' என்று நுரை தள்ளியது. தீ பிடிப்பதும் அணைவதுமாக இருக்க, அம்மாச்சி அரைமணி நேரம் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தார். நான் அதை போனில் வீடியோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டேன். அன்று இரவு அவருக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லையே" என்று சட்டென்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஈர விறகுன்னு தெரியலையா அம்மாச்சி?"

"தெரியாம என்ன? நீ ஆசையா வாங்கிட்டு வந்த. திருப்பி அனுப்பச் சொல்லவா?"

சின்ன வயதில் மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வந்தவர் அவர். இன்று அந்த மலையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், 2021-ல் இருந்து. விறகு என்றால் கடைதான். கடைக்குப் போக அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அதனால்தான் நான்.

ஜனவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பற்றி வீடியோ எடுக்க ஆபீஸில் அனுப்பினார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. மாஸ்டர் பெரிய இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அந்த அடுப்பில் மஞ்சளாகத் தீ நின்று எரிந்தது. அத்தனை பெரிய தீக்கு புகைபோக்கியில் மெல்லிய கோடு மாதிரிதான் புகை. பால் இறுக ஆரம்பித்ததும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, கங்கிலேயே சுண்டவிட்டார். எனக்குப் பால்கோவா மறந்துவிட்டது. கேமராவை நண்பனிடம் கொடுத்துவிட்டு, பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்த பெரியவரிடம் போய் நின்றேன்.

நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "காசு கொடுத்துத் தண்ணி வாங்கியிருக்க பாப்பா!" நிஜம்தான். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதிவரை தண்ணீர் இருக்கலாம். தீயின் சூடு முதலில் அதை ஆவியாக்கவே செலவாகிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரிவதற்குச் சூடு போதாமல் அப்படியே வெளியேறுகிறது. அம்மாச்சியின் நெஞ்சுக்குள் போனது அந்தப் புகைதான்.

அவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'டங்' என்று கணீரென்றது. வேறு இரண்டைத் தட்டினார். 'பொத்'. "இது இன்னும் வரலை" என்று ஓரமாகப் போட்டார். பிறகு வெட்டுமுகத்தைக் காட்டினார். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரம் போல வெடிப்பு ஓடுகிறது, பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வருகிறது. நான் வாங்கியதில் பட்டை ஒட்டிக்கொண்டு, முகம் வழவழப்பாக இருந்தது நினைவுக்கு வந்தது.

மரங்களையும் பிரித்துச் சொன்னார். புளிய மரம் பிளப்பதற்குள் உயிர் போகும், ஆப்பு வைத்து சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆனால் கங்கு நின்று எரியும். சீமைக்கருவேலம் வெளியே மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்பு. வைரம் பாய்ந்த கட்டை நல்ல சூடு தரும். (கண்மாய்களைக் கெடுக்கிறது என்று நாம் திட்டும் மரம், திட்டுவதும் நியாயம்தான்.) முருங்கை வீண். "அரளிய மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டு போயிராத. விஷம்."

"காய வைக்குறது எப்படிய்யா?"

"முழுசாப் போட்டா வருஷமானாலும் உள்ள ஈரம் நிக்கும். முதல்ல பிள."

வார இறுதியில் ராஜபாளையத்தில் மிச்சமிருந்த விறகை ஆள் வைத்து மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்தேன். நானும் நாலு கட்டை பிளந்தேன். முள் குத்தி விரல் வீங்கியதுதான் மிச்சம். தரையில் படாமல் செங்கல் மேல், இடைவெளி விட்டு, காற்றோட்டமான சுவரோரம் அடுக்கினோம். மேலே மட்டும் தகரம். முதலில் நான் தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடினேன். அம்மாச்சி பிரித்துப் போட்டார். "மூடினா வேர்க்கும்ல?"

வெந்நீருக்கு இப்போது ஹீட்டர். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், காய்ந்த விறகானாலும் புகை புகைதான் என்று. கறிக்குழம்பை மட்டும் அம்மாச்சி விட்டுத்தரவில்லை. அதுவும் திறந்தவெளியில், நான் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

பால்கோவா வீடியோ மூன்று நிமிடம் வந்தது. விறகுப் பெரியவர் வரும் இடத்தை எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள்.

சித்திரையில் போனபோது, அடுக்கிலிருந்து இரண்டு கட்டை எடுத்துத் தட்டிக் காட்டினேன். அம்மாச்சி காதைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றை அடுப்புக்கு வாங்கிக்கொண்டார். இன்னொன்றை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"இது வேணாம் தாயி. திரும்ப அடுக்கு."