முழுக்குக்கு முந்தைய நாட்கள்

ஜனவரி 15

பொங்கல் சோர்வு. உச்சிவெயிலில் திண்ணையில் சாய்ந்திருந்தபோது மேலத்தெருப் பையன் வந்தான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டானாம். "தெலுங்கானாவுக்கு மிஷனெரியாப் போறேன் அண்ணாச்சி. அம்மாட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்" என்றான்.

சொன்ன கையோடு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். எங்கேயோ ஒரு ஆறு. இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக ஆட்கள், முக்கி எடுக்கிறார்கள், கரையில் பாட்டு. கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை ஓடுகிறது. அவனுக்குக் கண் மின்னுகிறது. எனக்கு அந்த முகங்கள்தான் உறுத்தின. சொந்த ஊரில் யார் யார் அதைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று எடுத்தவர் யோசித்தாரா தெரியவில்லை.

இன்றைய தேதிக்கு ஒரு பொருத்தம் உண்டு. 1544 ஜனவரி 15ஆம் தேதிதான் பிரான்சிஸ் சவேரியார் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தன் இயேசு சபையாருக்கு அந்தப் பெயர்பெற்ற கடிதத்தை எழுதினார். முழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, ஜெபம் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிப்போகிறது, பிள்ளைகள் சாப்பிடவும் தூங்கவும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். எழுதியது நம்ம கடற்கரையைப் பற்றி. முத்துக்குளித்துறையின் வடகோடியில் இருக்கும் வைப்பாறும் வேம்பாரும் இந்த விளாத்திகுளம் தாலுகாதானே. பையனுக்கு இது தெரியாது. அவனுக்குச் சவேரியார் என்றால் கோவா.

ஜனவரி 19

வேம்பார் போய்வந்தேன். கருவாட்டு வாடையும் கருப்பட்டி வாடையும் ஒன்றாக வீசுகிற ஊர் அது ஒன்றுதான்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சவேரியார் 1542இல் இங்கே வந்தபோது அவருக்கு 36 வயது. பரதவர்கள் அதற்கு முன்பே, 1535 முதல் 1537 வரையான காலத்தில், கூட்டம் கூட்டமாக முழுக்குப் பெற்றுவிட்டார்கள். முத்துக்குளிப்பில் வந்த பகையில் அவர்களுக்குப் போர்ச்சுகீசியர் துணை வேண்டியிருந்தது. துணைக்கு விலை மதம். பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அப்படிக் கிடந்த சனங்களிடம்தான் மனிதர் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அவர் உழைப்பை யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் சாமி சிலைகளை உடைத்ததை அதே கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. நான் கிறிஸ்தவன்தான். இருந்தும் கூசுகிறது.

என் கணக்கில் இந்தக் கரையின் பெரிய மிஷனெரி அவர் இல்லை, அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார். 1546இல் இந்தியாவுக்கு வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ். இவர் உட்கார்ந்து தமிழ் படித்தார். போர்ச்சுகீசியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் ஆஸ்பத்திரி நடத்தினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் தந்தது. 16 பக்கச் சின்னப் புத்தகம். 1600இல் சாகும்வரை இங்கேயேதான். சவேரியார் இந்தக் கரையில் இருந்த காலத்தை இரண்டு மூன்று வருஷத்தில் அடக்கிவிடலாம். இவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடந்தார். கோயில்கள் எல்லாம் சவேரியார் பேரில்!

பிப்ரவரி 4

அருளானந்தர் திருநாள். ஓரியூருக்கு வேன் கட்டிக்கொண்டு போகிறார்கள். 1693இல் இதே தேதியில்தான் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவை அங்கே வெட்டினார்கள். மறவர் தலைவரான தடியத் தேவர் அவரிடம் முழுக்குப் பெற்ற பிறகு ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அரசரான சேதுபதியின் குடும்பத்துப் பெண். வினை அங்கிருந்து வந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

பையன் வந்திருந்தான். அவன் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். நம்ம கரிசலில் பாதி வீடுகளில் அப்படித்தானே. அந்தத் தைரியத்தில்தான் தெலுங்கானாவைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகத்தை விரித்தேன். அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. "பேசுறதுக்கு எழுத்து எதுக்கு அண்ணாச்சி?" என்றான். நாகலாபுரம் சந்தையில் பேசுகிற தெலுங்கை அங்கே போய்ப் பேசினால் பாதிக்குச் சிரிப்பார்கள், மீதிக்கு முழிப்பார்கள் என்றேன். முகம் வாடிவிட்டது.

அவனுக்கு ராக்லாந்து கதையைச் சொன்னேன். கேம்பிரிட்ஜில் கணக்குப் பரீட்சையில் நாலாவது இடம் வாங்கியவர். கல்லூரியில் சுகமான பதவி. அதை விட்டுச் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளராக இருந்தார். அதையும் விட்டார். 1854 வாக்கில் தன்னைவிட இளையவர்களான ஃபென், மெடோஸ் இருவரோடும் வடதிருநெல்வேலிக்கு, அதாவது சிவகாசியைச் சுற்றிய வானம் பார்த்த பூமிக்கு, கூடாரத்தோடு வந்தார். ஒரு ஊரில் கூடாரம் அடிப்பது, அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு நடப்பது, பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். அந்த வெயிலில் துணிக்கூடாரம். ஏற்கெனவே நோயாளி உடம்பு. தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சபைகளெல்லாம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது; இங்கே வடக்கே முழுக்குப் பெற்றவர்கள் மிகச் சிலர். 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் ரத்தம் கக்கிச் செத்துப்போனார். வயது 43.

"அப்ப அவரு தோத்துட்டாரா?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அவரோடு நடந்த உபதேசியார்களைப் பற்றிச் சொன்னேன். தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில், மாதத்துக்கு இத்தனை பேர் என்று முறைவைத்து ஆள் அனுப்பின. பனங்காட்டு ஊர்க்காரர்கள் வந்து கரிசல்காட்டில் நடந்தார்கள். ராக்லாந்துக்கு வாழ்க்கை வரலாறு உண்டு, ஏமி கார்மைக்கேலே ஒன்று எழுதியிருக்கிறார். இவர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

பிப்ரவரி 9

அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. பழுத்ததைத் தனியே, சோடையைத் தனியே தள்ளிக்கொண்டே கேட்டாள். பிறகு, "போகட்டும்ணே. துபாய்க்குப் போறவன் போகலையா? அங்க சோறு எப்பிடின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் தயார்பண்ணிக்கொண்டு போன பிரசங்கம் வீணாயிற்று.

பிப்ரவரி 12

1903இல் இதே நாளில்தான் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. முந்தின வருஷம் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து நம்ம தொண்டிப் பக்கத்துக்கு மிஷனெரி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாம்தான் வெளிநாடு! அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆளும் நம்மாள், பணமும் நம்ம பணம், நிர்வாகமும் நம்முடையது என்று சங்கத்தை ஆரம்பித்துவிட்டார். 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் தோர்ணக்கல்லுக்குப் போனார். நிஜாம் சீமை, ராஜா வேறு, பாஷை வேறு. வெள்ளைக்காரர் யாரும் கைபிடித்துக் கூட்டிப்போகவில்லை.

அசரியா 1909 வரைக்கும் குருப்பட்டம் பெறாதவர் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பட்டம் இல்லாதவர் முழுக்குக் கொடுப்பது வழக்கமில்லை, அதற்குப் பட்டம் பெற்ற குரு, நம் பேச்சில் ஐயர், வரவேண்டும். 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆன மனிதர், குருப்பட்டம் பெறும்வரை செய்ததெல்லாம் முழுக்குக்கு முந்தின வேலை. ஊர் ஊராகப் பேசினார், பணம் திரட்டினார், பாஷை படித்தார்.

பையனிடம் இதைச் சொன்னதும், "எனக்கும் பட்டம் கிடையாதுல்ல. அப்ப நான் யாருக்கும் குடுக்க முடியாது" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான். கொஞ்சம் கழித்து, "கணக்குக் காட்ட வேண்டியதில்லை" என்றான். அது வருத்தமாக இல்லை.

பிப்ரவரி 15

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி. பையனுக்கு மாதாமாதம் சபையிலிருந்து என்ன கொடுப்பது என்று பேச்சு. ஒருவர், ஒடிசாவில் 1967இலேயே சட்டம் வந்துவிட்டது, இப்போது பல மாநிலங்களில் வந்துவிட்டது, பையன் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்வி. போகிற இடத்தின் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேட்டு எழுதிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. இன்னொருவர், வருஷக் கடைசியில் எத்தனை முழுக்கு என்று ரிப்போர்ட் வருமா என்று கேட்டார்.

முதல் இரண்டு வருஷத்துக்கு அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது, தெலுங்கு எழுதப் படிக்க வந்ததா, அந்த ஊரில் யார் வீட்டில் சாப்பிடுகிறான், எத்தனை தடவை காய்ச்சல் வந்தது, இதைத்தான் கேட்கவேண்டும் என்றேன். அதோடு, அங்கே யாரையும் போனில் படம் பிடித்து அனுப்பக் கூடாது என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஐயர் சிரித்துக்கொண்டே மினிட் புத்தகத்தில் எழுதினார். தொகைதான் முடிவாகவில்லை. வத்தல் விலை தெரியாமல் வாக்குக் கொடுக்க முடியாது என்று பொருளாளர் பிடிவாதமாக இருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி கூடுகிறோம்.